கொண்டாட்டத்தின் கழிவுநீர்

சனிக்கிழமைக் காலையில் ராணிப்பேட்டைக்கும் ஆர்க்காட்டுக்கும் நடுவே பாலாற்றுப் பாலத்தைக் கடந்து மேற்கே போனால், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கலாம். ஒன்று, ஷூ கம்பெனிகளின் பேருந்துகள். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து, சன்னல் கம்பியில் தலை சாய்த்து, பாதித் தூக்கத்தில் வேலைக்குப் போகும் பெண்கள். மற்றொன்று, ஏலகிரி போகும் இளைஞர்களின் மோட்டார் சைக்கிள் வரிசைகளும் பாட்டு அலறும் வேன்களும். ஆம்பூரில் பிரியாணி, மலையேறியதும் பாட்டில் என்பது இந்தக் கூட்டத்தில் பலருக்கும் எழுதாத நிகழ்ச்சி நிரல். பாலத்துக்குக் கீழே ஆறு வழக்கம்போல மணலாகக் கிடக்கிறது. இந்தச் சாலை யாருக்காக என்று கேட்டால் இரண்டு கூட்டத்துக்கும்தான் என்று சட்டெனச் சொல்லிவிடலாம். ஐரோப்பாவில் இதே கேள்விக்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கப்படும் ஷூக்களில் பெரும்பங்கு போய்ச் சேர்வது ஐரோப்பிய நகரங்களுக்கு. அந்த நகரங்கள் சிலவற்றில் கடந்த கால் நூற்றாண்டில் ஒரு விசித்திர வண்டி ஓடியது. நான்கு சக்கரங்கள், மேலே கூரை, நடுவில் நீள மேஜை, மேஜையின் தலைமாட்டில் பீர் பீப்பாய். இருபுறமும் உயர்ந்த இருக்கைகளில் பத்துப் பதினைந்து பேர் எதிரெதிரே உட்கார்ந்து கீழே பெடல் மிதிப்பார்கள், மேலே குடிப்பார்கள். வண்டியைத் திருப்புகிறவர் மட்டும் குடிக்காமல் இருப்பார். அவர் வண்டிக் கம்பெனியின் ஆள். 1997-இல் நெதர்லாந்தில் பிறந்த இந்த வண்டி, மலிவு விமானங்கள் பெருகியபோது கல்யாணத்துக்கு முந்தைய நண்பர் கூத்துகளுக்காகவே படைக்கப்பட்டது போல ஆகிவிட்டது. நடைவேகத்தில் ஊரைச் சுற்றும். கோயிலும் கால்வாயும் அரண்மனையும் குடிக்கும்போது பின்னால் நகரும் திரைச்சீலை. ஆம்ஸ்டர்டாமின் குறுகிய கால்வாய்த் தெருக்களில் குடியிருப்பவர்கள் சத்தம், சிறுநீர், நெரிசல் என்று மனு எழுதி ஓய்ந்தபின், 2017 நவம்பர் 1 முதல் நகர மையத்தில் அது தடை செய்யப்பட்டது. வண்டிக்காரர்கள் வழக்காடிப் பார்த்தார்கள். நீதிபதி நகரத்தின் பக்கம் நின்றார். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே ஜெர்மனியில் இன்னும் கூர்மையான தீர்ப்பு ஒன்று வந்திருந்தது. டுசல்டார்ஃப் நகரத்து வழக்கில் லைப்சிக்கில் உள்ள மத்திய நிர்வாக நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் சொன்னது இது: இந்த வண்டியின் முதன்மை நோக்கம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதல்ல, விருந்து கொண்டாடுவது, ஆகவே இது சாலையின் பொதுப் பயன்பாட்டுக்குள் வராது, தனி அனுமதி வேண்டும். குடிப்பது குற்றம் என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. சாலையை எதற்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று மட்டுமே கேட்டது.

இந்த வண்டியைப் பற்றி யோசிக்கப் பாலாற்றுப் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று நினைக்கிறேன். காரணம் குடி அல்ல, தோல். ராணிப்பேட்டையில் குரோமேட் உப்புகள் தயாரித்த தொழிற்சாலை ஒன்று 1990-களில் மூடப்பட்டது. போகும்போது ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை வளாகத்திலேயே குவித்துவிட்டுப் போனது. தயாரித்த சரக்கு விற்று, பணம் வந்து, கணக்கு முடிந்துவிட்டது. குவியல் மட்டும் மழைக்கு மழை நிலத்தடி நீரில் இறங்கிக்கொண்டிருந்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு இந்த மண்ணிலிருந்து போனதுதான். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, மாசு செய்தவரே அதன் செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் உறுதி செய்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டிருந்ததை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது; ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் தண்டம் போட்டது. தொகை சிறிது. ஆனால் அதுவரை சரக்கின் விலையில் சேராத ஒன்றை அது விலைக்குள் இழுத்தது. விருந்து வண்டியையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பது என் கட்சி. தோலைப் போலவே கொண்டாட்டத்துக்கும் கழிவுநீர் உண்டு. அனுபவித்தவர் அனுபவித்துவிட்டுப் போய்விடுவார். சத்தமும் கண்ணாடிச் சில்லும் நாற்றமும் அங்கே இருப்பவருக்கு. அந்தச் செலவு டிக்கெட்டில் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. குடி ஒழுக்கமா ஒழுக்கக்கேடா என்ற வழக்கு அப்புறம்.

இதற்கு முதல் மறுப்பு வேலூரிலேயே காத்திருக்கிறது. வெளியூர்க்காரர்களை நம்பி வாழும் ஊர் அவர்கள் தொல்லையைப் பொறுக்க வேண்டாமா என்று கேட்பவர்கள், கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களைக் காட்டலாம். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது அந்த மருத்துவமனை. இன்று அதைச் சுற்றிலும் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள், சோறும் மீன் குழம்பும் கிடைக்கும் மெஸ்கள், சொந்தமாகச் சமைத்துக்கொள்ள அடுப்பு தரும் லாட்ஜுகள். கொல்கத்தா, ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். தெரு அவர்களுடையதாகவே மாறிப்போயிருக்கிறது. ஆனால் வேலூர்க்காரர்கள் ஆம்ஸ்டர்டாம்காரர்களைப் போல மனு எழுதவில்லை. நோயாளிகள் மீது இரக்கம் என்று மட்டும் இதை விளக்க முடியாது. வந்தவர்கள் ஊரின் வாழ்க்கைக்குள் வாடகைக்குக் குடிபுகுகிறார்கள். அதே காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிறார்கள், அதே ஆட்டோவுக்குக் காத்திருக்கிறார்கள், ஊர் தூங்கும்போது தூங்குகிறார்கள். அவர்களால் வாடகை ஏறியிருக்கிறது, நெரிசல் ஏறியிருக்கிறது, உண்மைதான். அந்தச் சுமையின் எதிர்ப்பக்கத்து வரவும் அதே தெருவில்தான் விழுகிறது. விருந்து வண்டியில் வருபவருக்கோ ஊரோடு கொடுக்கல் வாங்கலே இல்லை. பீர் வண்டிக்குள் இருக்கிறது, துணை கூட வந்த நண்பர்கள், வேகம் ஊரை வேடிக்கை பார்க்கும் வேகம். பயணியர் வரவு கெடுதல் என்பதல்ல நான் சொல்வது. வருகிறவர் ஊருக்குள் வருகிறாரா, ஊரைத் திரைச்சீலையாக்கிக் கடக்கிறாரா என்பதில் எல்லாம் இருக்கிறது.

வேலூர்க் கோட்டையைப் பார்க்காமல் இந்த ஊரைக் கடக்க முடியாது. 1806 ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். கல்யாணக் கூட்டத்தின் மறைவில் சிப்பாய்கள் கூடினார்கள். மறுநாள் விடியுமுன் துப்பாக்கிகள் வெடித்தன. அவர்களைக் கொதிக்க வைத்தவற்றில் ஒன்று புதிய தலைப்பாகையில் செருகச் சொன்ன தோல் பட்டை. தோலும் கொண்டாட்டமும் அதிகாரத்தின் தூக்கத்தைக் கெடுப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. கூட்டமாக மகிழும் ஆட்களைக் கண்டு அரசுகள் அஞ்சுவதும் புதிதல்ல. ஆகவே ‘தெருவில் கொண்டாடாதே’ என்ற சட்டத்தை எழுதும் கையைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பதே நல்லது.

அந்தச் சந்தேகம் குடியாத்தத்தில் இன்னும் வலுக்கிறது. லுங்கித் தறிகளும் தீப்பெட்டித் தொழிலும் உள்ள இந்த ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தந்தை ஜமதக்கினி சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பரசுராமன் வெட்டிய ரேணுகையின் தலை, தெருத் தெருவாகச் சுமந்து வரப்பட்டு, கவுண்டன்யா ஆற்றங்கரைக் கோயிலில் வேறொரு உடலில் பொருத்தப்படுகிறது. அன்று ஊரில் போக்குவரத்து என்று ஒன்று கிடையாது. தேங்காய்ச் சிதறலில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. வேலூரிலோ மாசியில் சிவராத்திரியை ஒட்டிப் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை. காளி வேடங்கள், பம்பை, தேர்கள், ஆடுபவர்களில் குடித்தவர்களும் உண்டு. இதற்கெல்லாம் சாலையை விடுகிற ஊர், நண்பர்கள் பத்துப் பேர் பெடல் மிதித்துப் போனால் மட்டும் முகம் சுளிப்பது என்ன நியாயம்? இதுதான் வலுவான மறுப்பு. இதற்குப் பண்பாடு, புனிதம் என்று பதில் சொன்னால் தோற்றுப்போவோம். இன்னொருவரின் புனிதத்தை அளக்க நமக்குக் கோல் இல்லை. பதில் வேறு. சிரசு அன்று அடைபடுவது யாருடைய தெருவோ அவர்கள்தான் மோர்ப் பந்தல் வைக்கிறார்கள், வீட்டு வாசலில் தண்ணீர் தெளிக்கிறார்கள், மறுநாள் தேங்காய் ஓட்டைக் கூட்டுகிறார்கள். தொல்லையைப் பெறுபவரும் தொல்லை தருபவரும் ஒரே ஆட்கள். அதோடு அது ஆண்டுக்கு ஒரு நாள். விருந்து வண்டி தினமும் வரும், ஒவ்வொரு முறையும் வேறு ஆட்களோடு. ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் யாரிடமும் சண்டைகூடப் போட முடியாது. உள்ளூர்த் திருவிழாக்களிலும் சண்டை, சாதி, ஒலிபெருக்கிக் கொடுமை எல்லாம் இருக்கின்றன, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் யாரைப் பிடித்துக் கேட்பது என்று ஊருக்குத் தெரியும்.

பேரணாம்பட்டின் தோல் வாடையைத் தாண்டி ஆம்பூருக்குள் வந்தால் கொண்டாட்டத்தின் மணமே முந்திக்கொள்ளும். விறகடுப்பில் தம் போட்ட சீரகச் சம்பா, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், பக்கத்தில் புளிப்பேறிய கத்திரிக்காய், தயிரில் வெங்காயம். ஆர்க்காட்டு நவாபின் சமையற்காரர் வழியில் வந்த கைப்பக்குவம் என்பது ஊர்க்கதை. நெடுஞ்சாலையில் போகும் கார்கள் இங்கே கட்டாயம் நிற்கின்றன. ஐரோப்பிய நகரம் பீர் வண்டிக்குப் பெற்ற பெயரை ஆம்பூர் ஓர் அண்டாவுக்குப் பெற்றிருக்கிறது. இதிலும் கூட்டம், இதிலும் நெரிசல். ஆனால் பிரியாணிக்காரரின் கடை வாசல் அடைபட்டால் திட்டு வாங்குபவர் அவரே. அவர் பிள்ளையும் அதே தெருவில் பள்ளிக்குப் போகிறது. ஊரின் பெயரால் நடக்கும் கொண்டாட்டம் யாரை உள்ளே விடுகிறது என்ற கேள்வியும் இங்கே ஒருமுறை வெடித்தது. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா என்று மூன்று நாள் விழா அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது, விழா மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. மாட்டுத் தோலில் பிழைக்கும் வட்டாரத்தில் மாட்டுக்கறி விழாவுக்கு ஆகாது என்று அலுவலகத்தில் யாருக்கோ தோன்றியது வேடிக்கைதான். ஊர்க்காரரைக் கேட்காமல் ஊரைக் காட்சிப்பொருளாக்கும் புத்தி ஆம்ஸ்டர்டாமின் வண்டிக் கம்பெனிக்கு மட்டும் சொந்தமல்ல.

ஆம்பூரில்தான் இன்னொரு மறுப்புக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வண்டி ஓட்டுபவர், பீர் ஊற்றுபவர், லாட்ஜ் துடைப்பவர் என்று எத்தனை பேருக்குப் பிழைப்பு. ஒரு சிலரின் தூக்கத்துக்காக அதைக் கெடுப்பதா? டேனரி முதலாளிகள் 1996-இல் இதையே சொன்னார்கள்: அந்நியச் செலாவணி, லட்சக்கணக்கானோர் வேலை. நீதிமன்றம் அதை மறுக்கவில்லை. தோல் தொழில் நாட்டுக்குப் பெரும் வருவாய் தருவதை ஏற்றுக்கொண்டே, அதனால் நிலத்தையும் நீரையும் அழிக்கும் உரிமை அதற்கு வந்துவிடாது என்றது. அதன்பின் ஆம்பூர் அழிந்துவிடவில்லை. டேனரிகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்தன, ஊர் பதனிட்ட தோலிலிருந்து ஷூவுக்கு இன்னும் வேகமாக நகர்ந்தது, தையல் வரிசைகளில் பெண்கள் நிறைந்தார்கள். கழிவின் செலவைச் சேர்த்தால் தொழில் செத்துவிடும் என்ற வாதம் ஒவ்வொரு முறையும் சொல்லப்படுகிறது, தொழில் பெரும்பாலும் சாவதில்லை, சற்றுக் குறைந்த லாபத்தில் வாழப் பழகிக்கொள்கிறது. இதற்கு எதிர்ச்சான்றும் இதே ஊரில் உண்டு: செலவு தாங்காமல் மூடிய சிறு டேனரிகள். பெரியவர் கட்டிவிடுவார், சின்னவர் மூடுவார். பயணத் தொழிலிலும் அது நடக்கலாம். கட்டணத்தை அளவுக்கேற்ப வகுத்தால் சமாளிக்கலாம் என்பேன். கட்டணமே வேண்டாம் என்பதற்கு அது காரணம் ஆகாது.

வாணியம்பாடிக்குள் நுழைகையில் இன்னொரு குரல் கேட்கும்: சைக்கிள்தானே, புகை இல்லை, பெட்ரோல் இல்லை, உடற்பயிற்சிகூட. சுத்தமான இன்பம். உப்பின் கதை தெரிந்தவர் இதை நம்பமாட்டார். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பில் போட்டுத்தான் வருகிறது. டேனரியில் முதல் ஊறலிலேயே அந்த உப்பு தண்ணீரில் இறங்கிவிடுகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட பழைய நாளிலும் உப்பு இருந்தது; குரோமியம் வந்தபின் அதோடு இதுவும். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் குரோமியத்தைப் படியவைத்தது, நிறத்தை எடுத்தது, நாற்றத்தைக் குறைத்தது. வெளிவந்த தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தது. உப்பு மட்டும் அப்படியே கரைந்து நின்றது. தென்னைக்கும் நெல்லுக்கும் பகை அந்தத் தெளிந்த தண்ணீரே. பிறகு சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் வந்து, வடித்தெடுத்த உப்பை எங்கே கொட்டுவது என்ற அடுத்த தலைவலி வந்தது. கண்ணுக்குத் தெரிவதை நீக்கிவிட்டுச் சுத்தம் என்று சொல்லும் பழக்கம் பாலாற்றங்கரையில் எடுபடாது. சைக்கிளில் புகை இல்லாதது சரி. நடைவேகத்தில் போகும் மேஜைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸ், நள்ளிரவில் சன்னலுக்குக் கீழே கூட்டப் பாட்டு, வாசற்படியில் வாந்தி ஆகியவை கரைந்து நிற்கும் உப்பு.

குடி என்று வந்தபின் இந்த வட்டாரத்தின் மதுவிலக்குக் கதையை விட்டுவிட முடியாது. ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, சித்தூர், கடப்பை வழியாக 1939-இல் இந்த ஊர்களெல்லாம் அன்றிருந்த வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு வந்தது. கள், சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க அதே 1939-இல் விற்பனை வரி பிறந்தது. குடிக்காதவரும் கடையில் வாங்கும் பண்டத்துக்குக் கூடக் கொடுத்தார். மதுவிலக்கின் செலவு எல்லோர் தலையிலும் சமமாக விழுந்தது. பிற்பாடு காற்று மாறியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்து, இன்று ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு வருகிறது. குடியின் செலவோ வீட்டுப் பெண்களின் கணக்கில் விழுகிறது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, குடித்துவிட்டு ஓட்டுவோரால் சாகும் உயிர்களே அதன் அக்கறை. 2017 ஏப்ரலில் கடைகள் மூடின. மூடியவை பல ஊர்களுக்குள்ளும் குடியிருப்புகளுக்குள்ளும் இடம் தேடின. மாநிலமெங்கும் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். நெடுஞ்சாலையின் கழிவு ஊருக்குள் திருப்பிவிடப்பட்டது, அவ்வளவுதான். ஆம்ஸ்டர்டாம் மையத்தில் தடைபட்ட வண்டி தடை எல்லைக்கு வெளியே ஓடலாம் என்பதும் இதே வகை. வெறும் தடையில் எனக்கு நம்பிக்கை குறைவு என்பதற்கு இதுவே காரணம். தடை இடத்தை மாற்றும்; பொறுப்பு சுமத்தினால்தான் நடத்தை மாறும்.

வாணியம்பாடியிலிருந்து தென்கிழக்கே ஆலங்காயம் வழி ஜவ்வாது மலைமேல் ஏறினால் காவலூர். 1986 முதல் வானியலாளர் வைணு பாப்பு பெயர் தாங்கும் வானோக்கு நிலையத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இங்கே நிற்கிறது. இந்த இடத்தைத் தேர்ந்ததற்கான காரணங்களில் ஒன்று இருட்டு. நகரமும் ஆலையும் விடுதியும் எழுப்பும் வெளிச்சம் காற்றிலும் தூசியிலும் சிதறி வானத்தை வெளுக்கச் செய்தால் மங்கலான விண்மீன் மறைந்துவிடும். பகலில் இந்த மலையில் நிற்பவருக்கு இது புரிவதில்லை. ஒரு விடுதி தோட்டத்தில் அலங்கார விளக்கு போடுவது யாருக்குக் கெடுதல் என்றுதான் தோன்றும். கெடுதல் உண்டு, ஆனால் அதைப் பெறுபவர் கொண்டாட்டத்துக்கு அழைக்கப்படவில்லை, அங்கே இருப்பதே கொண்டாடுபவருக்குத் தெரியாது. பீர் வண்டியில் மிதிப்பவருக்கு மூன்றாம் மாடியில் இரவுப்பணி முடித்துத் தூங்கும் செவிலியைத் தெரியாதது போலத்தான். வேண்டுமென்று செய்யும் கொடுமை இதில் எங்குமில்லை. டேனரிக்காரரும் கிணற்றுக்காரர் மீது பகை வைத்து உப்பு விடவில்லை.

காவலூரிலிருந்து இறங்கி ஜோலார்பேட்டைப் பக்கம் வந்து பொன்னேரியில் திரும்பினால் ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: ஏழு புலவர்கள், ஏழு வள்ளல்கள். பாரதிதாசனில் தொடங்கி மேலே பாரி, ஓரி, அதியமான், பேகன் வரை. இந்தப் பெயர்வைப்பு யாருடைய யோசனையோ, நல்ல விளையாட்டு. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவருக்கு ஒரு வளைவு, அதியமானோடு கள் பகிர்ந்து குடித்த அவ்வைக்கு இன்னொன்று. அதியமான் இறந்தபின் அவ்வை பாடிய புறநானூற்றுப் பாட்டில் அவள் முதலில் நினைவுகூர்வதே அவன் கள்ளைப் பங்கிட்ட விதத்தைத்தான்: குறைவாக இருந்தால் அவளுக்கு, நிறைய இருந்தால் அவள் பாட அவனும் சேர்ந்து. குடிக்கு எதிராகத் தமிழை முழுசாகச் சாட்சிக்கு அழைக்க முடியாது, அழைக்கவும் நான் விரும்பவில்லை. கூடிக் குடிப்பதில் பழமையான ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. டாஸ்மாக் பாரின் தகரக் கொட்டகையும் ஈ மொய்க்கும் சைடு டிஷ்ஷும் அந்த மகிழ்ச்சியைக் கொன்று குடியை மட்டும் வைத்துக்கொண்டவை. டேனரி டிரம்மில் வாரமெல்லாம் நின்றவருக்கு நல்ல வெளிச்சத்தில், நண்பர்களோடு, மரியாதையாக உட்காரும் இடம் வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்தக் கோரிக்கையில் கையெழுத்துப் போடுவேன். நெடுஞ்சாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு மலையேறும் இளைஞர்களில் பலரும் உண்மையில் தேடுவது அதைத்தான். ஊருக்குள் அது இல்லாததால் பாறை மேல் உட்காருகிறார்கள்.

பாறை மேல் உட்கார்ந்ததன் மிச்சம் பாட்டில். மலைக்காடுகளில் உடைத்துப்போட்ட கண்ணாடி யானைகளின் காலைக் கிழிக்கிறது என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, 2022-இல் நீலகிரியில் ஒரு திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்க வேண்டும். காலி பாட்டிலைத் திருப்பினால் பணம் திரும்பும். பின்னர் அது மற்ற மலையிடங்களுக்கும் மாவட்டங்களுக்கும் விரிந்தது. கடை ஊழியர்கள் இதைச் சுமை என்கிறார்கள், ஸ்டிக்கர் ஒட்டவும் எண்ணவும் ஆளில்லை என்கிறார்கள். அது நியாயமான புகார், அந்தச் செலவையும் விற்பனையாளரான அரசே ஏற்க வேண்டும். ஆனாலும் மாசு செய்தவர் சுமக்கட்டும் என்ற 1996-ஆம் ஆண்டுக் கொள்கை இவ்வளவு எளிய வடிவில் குடிப்பவர் கைக்கே வந்திருக்கிறது. பாலாற்று விவசாயிகளுக்கு அந்தக் கொள்கை இவ்வளவு சுலபமாக வாய்க்கவில்லை. அரசு முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல 2025 ஜனவரி 30 வரை ஆனது. கழிவு தேங்கியபின் வசூலிப்பது அவ்வளவு கடினம். முன்பணமாக வாங்குவதே வழி.

அப்படியானால் ஏலகிரியில் நாளை ஒருவர் பெடல் மேஜை வண்டி விட வந்தால்? புங்கனூர் ஏரியைச் சுற்றிச் சமதளம் இருக்கிறது, கோடை விழாவுக்குக் கூட்டம் வருகிறது, யோசனை யாருக்காவது வராமல் போகாது. மலையில் உள்ள 14 சிற்றூர்களின் கிராம சபையில் முதலில் கேட்கட்டும். வண்டிக்கு ஒரு வைப்புத்தொகை ஊராட்சியில் கட்டட்டும்; இரவில் சத்தம், சாலையில் கண்ணாடி, மறித்த வண்டி என்று ஒவ்வொரு புகாருக்கும் அதிலிருந்து கழியட்டும்; கழிந்ததைக் குடித்தவர் அல்ல, வண்டி முதலாளி நிரப்பட்டும், ஏனெனில் குடித்தவர் ஞாயிறு மாலை ஊருக்குப் போய்விடுவார். கழிவுக்குச் செலவைக் கட்டிய பிறகும் இதில் லாபம் பார்க்க முடியும் என்று ஒருவர் கணக்குக் காட்டினால் தடுக்க என்னிடம் வாதம் இல்லை. அந்தக் கணக்கு தேறாது என்றுதான் நினைக்கிறேன். ஊரின் தூக்கமும் ஊரின் சாலையும் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் மட்டும் லாபம் தரும் தொழில் அது.